'நான் யார்' என்று மாலை உருட்டலாமா? (பாகாவ், மலேசியா; விவாத இழை)

ஆறாங்கட்டை, மார்ச் 2, இரவு 9.10

ருத்திராட்ச மாலை வைத்து 'நான் யார், நான் யார்' என்று தினம் ஒரு சுற்று, 108. ரமணர் வழி என்று சொல்லிக் கொடுத்தார்கள். பாதிச் சுற்றிலேயே தூக்கம் வந்துவிடுகிறது. தூக்கம் வராத நாளில் நெற்றி கனக்கிறது. பதில் ஒன்றும் வந்தபாடில்லை. எண்ணிக்கையைக் கூட்டணுமா? இல்லை, விடியுமுன்னே பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கு) ஓடுகிற தோட்டத்து ஆளுக்கு இதெல்லாம் ஒத்துவராதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

பழைய ஸ்டோர், மார்ச் 2, இரவு 9.50

எண்ணிக்கையைக் கூட்டாதீங்க. அது ஜபத்துக்கான மந்திரமே இல்லை.

ரமணர் எழுதிய உள்ளது நாற்பது என்ற நூலின் 29ஆம் பாட்டில் நேராகவே இருக்கிறது: 'நான்' என்று வாயால் சொல்லாமல், உள்ளே ஆழ்கிற மனத்தால் அந்த நான் எங்கே எழுகிறது என்று தேடுவதுதான் ஞானநெறி. அதே பாட்டில் அடுத்த வரியில் இன்னொன்றும் உண்டு. 'இந்த உடம்பு நானல்ல, நான் அது' என்று நினைத்துக்கொண்டிருப்பது துணை, விசாரம் (அந்தத் தேடல்) ஆகாது. முப்பது வருஷம் சொற்பொழிவு கேட்டவர்களும் இந்த இரண்டாம் பாதியில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். சும்மா உட்காருங்க. ஏதாவது ஒரு எண்ணம் வரும். சம்பளம், பிள்ளை, மழை, எதுவோ. அதை முடிக்கப் பார்க்காதீங்க, விரட்டவும் வேண்டாம். இது யாருக்குத் தோன்றியது? எனக்கு. அந்த 'எனக்கு' என்றதும் கவனம் சம்பளத்தை விட்டு உங்கள் பக்கம் ஒரு கணம் திரும்பும். அந்தத் திரும்பல்தான் விசாரம். கேள்வியின் வேலை அங்கேயே முடிந்தது. திரும்பிய கவனத்தை அங்கேயே நிற்க விடுங்க. நிற்காது. அடுத்த எண்ணம் இழுக்கும். மறுபடி திருப்புங்க.

கேள்வியையே திரும்பத் திரும்பச் சொன்னால் கவனம் கேள்வியின் ஒலியில் உட்கார்ந்துவிடும். ஒரே ஒலி, ஒரே தாளம், நாள் முழுக்க வேலை செய்த உடம்பு. தூக்கம் வராமல் என்ன செய்யும்?

பழைய ஸ்டோர், மார்ச் 2, இரவு 10.05

நெற்றிக் கனத்தைப் பற்றி எழுத விட்டுப்போச்சு. கண்ணை மூடிக்கொண்டு புருவ நடுவில் முட்டிப் பார்ப்பதால் வருவது அது. விசாரத்துக்கு எந்த உறுப்பிலும் பார்வையை நிறுத்தத் தேவையில்லை. கண் திறந்தே இருக்கட்டும், தாடையைத் தளர்த்துங்க. கனம் போகாவிட்டால் நீங்கள் இன்னும் எதையோ 'பார்க்க' முயல்கிறீர்கள் என்று அர்த்தம்.

தாமான் பையன், மார்ச் 3, மதியம் 1.15

அண்ணே, யாருக்கு? எனக்கு. நான் யார்? திரும்ப யாருக்கு? எனக்கு. பிங்பாங் மாதிரி போய்க்கிட்டே இருக்கு. கடைசியில் பதில் என்ன, அதைச் சொல்லிட்டுப் போங்க.

பழைய ஸ்டோர், மார்ச் 3, இரவு 9.30

பதில் வாக்கியமாக வந்தால் அது இன்னொரு எண்ணம், தம்பி. 'நான் ஆத்மா' என்று மனம் சொன்னாலும் அந்த வாக்கியம் யாருக்குத் தோன்றியது என்று அதையும் திருப்ப வேண்டியதுதான். பிணம் சுடுகிற தடி என்று ரமணர் சொல்வது இதைத்தான். சிதையைக் கிளறிவிடுகிற தடி கடைசியில் தானும் அதே தீயில் போகும். தடியைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவர நினைக்கிறவர்கள்தான் பதில் கேட்கிறார்கள்.

மூனாம் நெரை, மார்ச் 4, காலை 10.40

ஒரு திருத்தம். ரமணரின் 'நான் யார்' கட்டுரையை எடுத்துப் பாருங்கள். 'நான், நான்' என்று கருதிக்கொண்டே இருந்தாலும் அது மனம் எழுகிற இடத்தில் கொண்டுபோய் விடும் என்று அதிலேயே இருக்கிறது. ஆக ஜபமே கூடாது என்று அடித்துச் சொல்ல முடியாது.

பழைய ஸ்டோர், மார்ச் 4, இரவு 8.55

அக்கா சொல்வது சரி, இதைச் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ஆனால் அங்கே இருக்கிற இரண்டு விஷயத்தைக் கவனிங்க. ஒன்று, அது 'நான்'. 'நான் யார்' அல்ல. இரண்டு, 'கருதிக்கொண்டிருந்தால்' என்கிறார், உச்சரித்தால் என்று சொல்லவில்லை. 'நான்' என்று நினைக்கும்போது கவனம் தன்னால் தன் மேல் விழும். 'நான் யார்' என்று நினைத்தால் அது பதிலைத் தேடிக்கொண்டு முன்னால் ஓடும். ஆறாங்கட்டை அண்ணனுக்கு ஏதாவது பிடிப்பு வேண்டும் என்றால் மூச்சை எண்ணாமல், மாலையும் இல்லாமல், 'நான்' என்று மெதுவாக நினைத்து, அந்த நினைப்பு எதைத் தொடுகிறது என்று பார்த்தால் போதும்.

புத்தகத்தின் கதையும் கொஞ்சம் தெரிந்தால் நல்லது. 1901-02இல் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு, அப்போது பேசாமல் இருந்த ரமணர் எழுதிக் காட்டிய பதில்கள் அவை. அச்சில் வந்தது 1923இல். பிறகு ரமணரே கேள்விகளை எடுத்துவிட்டுக் கட்டுரையாக ஆக்கினார். கேள்வி-பதில் வடிவமும் கட்டுரையும் இரண்டுமே கிடைக்கின்றன. கட்டுரையில் வரிசை தெளிவு, முதலில் அதைப் படிங்க. ஆரம்பத்தில் வரும் 'ஸ்தூல தேகம் நானல்ல, ஐம்பொறிகள் நானல்ல' பட்டியல் பிள்ளையவர்கள் தம் படிப்பிலிருந்து சேர்த்தது. அதை மனப்பாடம் செய்வதுதான் சாதனை என்று நினைத்து அங்கேயே தங்கிவிடாதீங்க.

பாஷ்ய பாடம், மார்ச் 5, இரவு 11.20

இழை ஓடுகிற வேகத்தில் அடித்தளம் விட்டுப்போகிறது. சங்கரர் மரபில் யாருக்கும் முதல் நாளே விசாரம் கிடையாது. சாதன சதுஷ்டயம் (நான்கு தகுதி) முன்னால் நிற்கும்: நித்தியம் எது அநித்தியம் எது என்ற விவேகம், வைராக்கியம், ஆறு சம்பத்து, முமுட்சுத்துவம் (விடுதலை வேட்கை). ஆறு சம்பத்து என்பது சமம் (மன அடக்கம்), தமம் (புலனடக்கம்), உபரதி (ஒதுங்கியிருத்தல்), திதிட்சை (பொறுத்துக்கொள்ளுதல்), சிரத்தை (நம்பிக்கை), சமாதானம் (மன ஒருமை). அதன் பிறகு குருவிடம் மகாவாக்கிய (உபநிடதப் பெருவாக்கிய) சிரவணம் (கேட்டல்), மனனம் (சிந்தித்தல்), நிதித்தியாசனம் (அதில் நிலைத்தல்). சாந்தோக்கிய உபநிடதம் 6ஆம் அத்தியாயத்தில் சுவேதகேதுவுக்குத் தந்தை 'தத்வமஸி' (அது நீயே) என்று ஒருமுறை சொல்லி விடவில்லை, 9 முறை சொல்கிறார். ஒவ்வொரு முறையும் மகன் இன்னும் விளக்குங்கள் என்கிறான். சிரவணம் இல்லாமல் உள்ளே திரும்பிப் பார்த்தால் தெரிவது சூனியமாக இருக்கலாம், மயக்கமாகவும் இருக்கலாம். எது என்று பிரித்துச் சொல்ல உங்களிடம் அளவுகோல் இராது.

பழைய ஸ்டோர், மார்ச் 6, இரவு 9.15

அளவுகோல் பற்றிச் சொன்னது கனமான விஷயம், ஒதுக்க முடியாது. நான்கு தகுதியும் முழுசாக வந்தபிறகுதான் உட்காரணும் என்றால் ஒருத்தரும் உட்கார மாட்டோம் என்பது என் கட்சி. உட்காரும்போதே எது குறைகிறது என்று தெரியவரும். கோபம் வந்தால் சமம் இல்லை, கொசு கடித்தால் திதிட்சை இல்லை. இந்த ஊர்க் கொசுவுக்குத் திதிட்சை போதாது, வலையும் வேண்டும்.

சிரவணத்துக்கு மாற்றாக இல்லை, அளவுகோலாக ஒன்று: திருக்கு-திருசிய விவேகம் (பார்ப்பது எது, பார்க்கப்படுவது எது என்று பிரிக்கிற நூல்). ரமணரே தமிழில் தந்திருக்கிறார். முதல் சுலோகம் ஒன்றே போதும். உருவம் பார்க்கப்படுவது, கண் பார்ப்பது. கண் பார்க்கப்படுவது, மனம் பார்ப்பது. மன அசைவுகள் பார்க்கப்படுவன, சாட்சி பார்ப்பது. சாட்சி எதனாலும் பார்க்கப்படாதது.

காகிதத்தில் படித்தால் வழுக்கிக்கொண்டு போகும். செய்து பார்க்கணும். ஒட்டுப்பால் (உறைந்த ரப்பர்) ஏற்றிய லோரி வாசலில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்றம் வருகிறது. மூக்கு அடைத்திருக்கிறதா, நன்றாக வேலை செய்கிறதா என்பது உங்களுக்குத் தெரியும். ஆக மூக்கும் அறியப்படுகிற பொருள். 'சீ' என்று மனம் சுளிக்கிறது. சுளிப்பும் தெரிகிறது, லோரி போனதும் சுளிப்பு அடங்கியதும் தெரிகிறது. ஆக மனமும் அறியப்படுகிற பொருள். நாற்றம் வந்தபோதும் போனபோதும் அறிந்தது ஒன்று மாறாமல் இருந்ததே, அதை மூக்கைப் போல, சுளிப்பைப் போல எதிரே நிறுத்திக் காட்ட முடியுமா? முடியாது. எதிரே ஒளி தெரிகிறது, நிறம் தெரிகிறது, வெட்டவெளி தெரிகிறது என்றால் அதெல்லாம் பார்க்கப்படுகிற பக்கம். இதுதான் அளவுகோல். தெரிகிற எதையும் கணக்கிலிருந்து கழிச்சுடுங்க.

திருமுறை வகுப்பு, மார்ச் 7, காலை 7.30

சுற்றி வளைத்து மாயாவாதத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டீர்கள். தோட்டக் கோவிலில் தேவாரம் பாடி வளர்ந்த பிள்ளைகளுக்குச் சைவ சித்தாந்தம் தந்த மெய்கண்டார் போதும். அவருடைய சிவஞானபோதம் 12 சூத்திரம். அத்துவிதம் (அத்வைதம்) என்றால் என்ன என்று இரண்டாம் சூத்திரத்திலேயே இருக்கிறது. உயிர் சிவத்தோடு கலந்து நிற்கும், சிவமே ஆகிவிடாது. ஆணவ மலம் (உயிரை மறைக்கிற அழுக்கு) உயிரின் முயற்சியால் கழியாது. கண் தானாக இருளை நீக்குமா? ஞாயிறு வர வேண்டும். நீங்கள் கண்ணையே கண்ணால் தேடச் சொல்கிறீர்கள்.

பழைய ஸ்டோர், மார்ச் 7, இரவு 10.10

ஐயா, இரண்டும் ஒன்றுதான் என்று சமாதானம் பேச மாட்டேன். ஒன்றல்ல. முத்தியில் உயிர் என்று ஒன்று மிஞ்சுகிறதா என்ற கேள்வியில் சித்தாந்தமும் சங்கர வேதாந்தமும் நூற்றாண்டுக் கணக்காகச் சண்டை போட்டிருக்கின்றன, நாம் இந்த வாரம் தீர்க்கப்போவதில்லை. உள்ளது நாற்பது இரண்டாம் பாட்டு இந்த வழக்கைத்தான் தொடுகிறது. உலகு, உயிர், இறை என்று மூன்று முதற்பொருளை எல்லா மதமும் ஒப்புக்கொண்டே தொடங்குகின்றன. ஒரே முதல் மூன்றாகிறது என்பதும், மூன்றும் எப்போதும் மூன்றே என்பதும் அகங்காரம் இருக்கும்வரை நடக்கிற பேச்சு. இது சித்தாந்தத்துக்கு மட்டும் வைத்த குட்டு இல்லை, 'ஒன்று, ஒன்று' என்று மேடையில் முழங்குகிறவர்களுக்கும் சேர்த்து வைத்தது.

அருள் பற்றி நீங்கள் கேட்டது நியாயம். 'நான் யார்' கட்டுரை அருளைத் தள்ளவில்லை. புலி வாயில் பட்டது திரும்பாதது போல குருவின் அருட்பார்வையில் பட்டவர் கைவிடப்பட மாட்டார் என்கிறது. ஆனாலும் காட்டிய வழியில் தவறாமல் நடக்கணும் என்று அடுத்த மூச்சிலேயே சேர்க்கிறது. ஆன்ம சிந்தனை தவிர வேறு சிந்தனைக்கு இடம் கொடுக்காமல் இருப்பதுதான் தன்னை ஈசனுக்குக் கொடுப்பது என்றும் இருக்கிறது. உங்கள் வகுப்புப் பிள்ளை பதிகம் பாடிவிட்டுக் கடைசி வரியில் சத்தமில்லாமல் நிற்கிற அந்த நேரத்தை வெட்டிவிடாதீர்கள். உடனே அடுத்த பாட்டுக்கு ஓடவேண்டாம். அவ்வளவுதான் என் வேண்டுகோள்.

திருமுறை வகுப்பு, மார்ச் 7, இரவு 10.40

கடைசிப் பத்திக்கு மட்டும் உடன்பாடு.

தாமான் பையன், மார்ச் 8, மாலை 6.05

எல்லாம் ஒன்னுன்னா கார் தவணை யார் கட்டுறது, வங்கிக்கு நான் யார்னு திருப்பிக் கேட்கலாமா?

பழைய ஸ்டோர், மார்ச் 8, இரவு 9.00

கேளு தம்பி, கேட்டுவிட்டு பஸ்ஸுக்குக் காசு எடுத்து வை. உள்ளது நாற்பது அநுபந்தம் (பின்னிணைப்பு) 39ஆம் பாட்டு: அத்துவிதம் அகத்தில் எப்போதும் இருக்கட்டும், செய்கையில் ஒருபோதும் அத்துவிதம் பாராட்டாதே. மூவுலகத்தோடும் அத்துவிதம் ஆகலாம், குருவோடு ஆகாது என்றும் முடியும். சங்கரர் பெயரில் வழங்கும் தத்துவோபதேசத்துச் சுலோகத்தின் தமிழ் அது. 'மாயை' என்ற சொல்லை மனைவியிடமும் மண்டோரிடமும் (வேலை மேற்பார்வையாளர்) பயன்படுத்துகிற ஆட்களைப் பார்த்தால் இந்தப் பாட்டைக் கையில் கொடுங்க.

மூனாம் நெரை, மார்ச் 10, பகல் 11.30

மறந்துபோன கேள்வி ஒன்று: தோட்ட வேலைக்கு இது ஒத்துவருமா என்று முதல் பதிவில் கேட்டிருந்தாரே. பால்மரமா (ரப்பர்) செம்பனையா (எண்ணெய்ப்பனை) என்பதைப் பொறுத்தது. பால் வெட்டுகிறவர்களுக்கு இயற்கையாகவே இடைவெளி இருக்கிறது. விடிகிற நேரத்தில் குளிர் இருக்கும்போதே சீவி முடிக்கிறோம், வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். சீவி முடித்தபின் மங்கு (பால் வடிகிற கிண்ணம்) நிரம்பும்வரை காத்திருக்கணும், பிறகுதான் பால் எடுக்கணும். அந்த நேரம் பேச்சிலும் கைப்பேசியிலும் போகிறது. அதில் ஒரு துண்டு போதும். ஆனால் சீவும்போது வேண்டாம். உளி பட்டையைத் தாண்டி உள்ளே இறங்கினால் மரத்தில் காயம், அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டு முண்டாக வளரும், அப்புறம் சீவ முடியாது.

பழைய ஸ்டோர், மார்ச் 10, இரவு 9.20

இதைவிட நன்றாக யாரும் சொல்ல முடியாது. செம்பனைக்காரர்களுக்கு நான் ஒன்று சேர்க்கிறேன்: குலை வெட்டும்போது மேலே பாருங்க, உள்ளே பார்க்காதீங்க. இருபது கிலோ குலை தலைக்கு மேலே தொங்கும்போது நான் உடம்பல்ல என்று நிரூபிக்கப் போகவேண்டாம்.

வேலைக்கு நடுவில் செய்யத்தக்கது விசாரத்தின் சின்ன வடிவம். மண்டோர் ஏதோ சொன்னார், சுருக்கென்றது. சுருக்கென்றது யாருக்கு? ஒரு கணம், அவ்வளவுதான். பதில் பேச வேண்டியிருந்தால் பேசுங்க, கணக்குக் கேட்க வேண்டியிருந்தால் கிராணியிடம் (தோட்ட எழுத்தர்) கேளுங்க. கோபம் கிளம்புகிற நேரத்தில் 'நான்' பளிச்சென்று தெரியும், அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது அவ்வளவு தெளிவாகத் தெரியாது. அதனால் சண்டை நல்ல நேரம்தான், இதற்காகச் சண்டையை வலியப் போய் இழுக்க வேண்டியதில்லை.

ஆறாங்கட்டை, மார்ச் 13, இரவு 9.45

மாலை இல்லாமல் உட்கார்ந்தேன். எண்ணம் குறைகிறது. ஆனா கொஞ்ச நேரத்தில் ஒன்னுமே தெரியாமல் போய், கழுத்து சாய்ந்து எழுந்துவிடுகிறேன். அது சமாதியா தூக்கமா?

பழைய ஸ்டோர், மார்ச் 13, இரவு 10.20

கழுத்து சாய்ந்தால் தூக்கம், அண்ணே. மனத்தின் ஒடுக்கம் இரண்டு வகை என்று ரமணரின் உபதேச உந்தியார் 13ஆம் பாட்டில் இருக்கிறது: இலயம், நாசம். இலயத்தில் ஒடுங்கியது திரும்ப எழும், நாசத்தில் எழாது. எண்ணம் குறைந்ததும் பிடிக்க ஒன்றுமில்லாமல் மனம் பழக்கப்பட்ட பக்கம் சரியும், அது இலயம்.

கவுடபாதர் மாண்டூக்கிய உபநிடதத்துக்கு எழுதிய காரிகையின் மூன்றாம் பிரகரணத்தில் (பகுதியில்; 44, 45) மருந்து தருகிறார். இலயத்தில் விழுந்தால் எழுப்பு. சிதறினால் அடக்கு. உள்ளே ஆசை தேங்கி மனம் மந்தமாக நின்றால் அதை அடையாளம் கண்டுகொள். சமநிலை வந்தால் அசைக்காதே. அதில் வருகிற சுகத்தைச் சப்புக்கொட்டிக்கொண்டு உட்காராதே. ஐந்தாவதைத்தான் அதிகம் மறக்கிறோம். நேற்று வந்த அமைதி இன்று வரவில்லையே என்று தேடினால் இன்றைக்கு உட்கார்ந்தது வீண்.

நடைமுறையில்: சாப்பிட்டவுடன் உட்காராதீங்க. 'நான் யார்' கட்டுரையே மிதமான சாத்விக ஆகாரத்தைத்தான் சிறந்த நியமமாகச் சொல்கிறது. நாசி லெமாக்கைப் (தேங்காய்ப்பால் சோறு) பற்றி அதில் ஒன்றுமில்லை, நீங்களே முடிவு செய்யலாம். இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தால் முதலில் தூங்குங்க. உட்காருகிற நேரத்தில் தலை சாய்ந்தால் எழுந்து நின்று தொடருங்க, நடக்கலாம். மூச்சைப் பிடித்து மனத்தை அடக்குவது உடனே பலன் தரும், ஆனால் மூச்சு வெளிவந்ததும் மனமும் வெளியே வரும் என்று அதே கட்டுரை எச்சரிக்கிறது. சிதறல் அதிகமான நாளில் கொஞ்ச நேரம் மூச்சைக் கவனித்துவிட்டு விட்டுவிடலாம், அதற்குமேல் வேண்டாம்.

பாஷ்ய பாடம், மார்ச் 14, காலை 6.50

தூக்கத்தைப் பகையாக மட்டும் பார்க்கக்கூடாது. மாண்டூக்கியம் 12 மந்திரத்தில் விழிப்பு, கனவு, உறக்கம் மூன்றையும் எடுத்துக்கொண்டு ஏழாவது மந்திரத்தில் நான்காவது நிலையைச் சொல்கிறது. விழித்ததும் 'சுகமாகத் தூங்கினேன், ஒன்றுமே தெரியவில்லை' என்கிறோம். தெரியவில்லை என்பது எப்படித் தெரிந்தது? உடம்பு, பெயர், தொழில் எதுவும் இல்லாத நேரத்திலும் நீங்கள் இல்லாமல் போகவில்லை. காலையில் எழுந்த முதல் கணம், பெயரும் கிழமையும் நினைவுக்கு வருமுன், பாருங்கள்.

மூனாம் நெரை, மார்ச் 14, பகல் 12.10

அந்தக் கணத்தில் எங்களுக்கு நினைவுக்கு வருவது மழையா வெயிலா என்பதுதான். மழையென்றால் பால் இல்லை.

தாமான் பையன், மார்ச் 16, இரவு 8.30

தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இதெல்லாம் சொல்லித்தரவில்லையே. அத்வைதம் நமக்கு வெளியூர்ச் சரக்குதானே?

பழைய ஸ்டோர், மார்ச் 16, இரவு 9.35

பத்தமடையில் பிறந்த குப்புசாமி என்ற டாக்டர் 1913இல் மலாயா வந்து, சிரம்பான் பக்கத்துத் தோட்ட ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து, பிறகு ஜொகூர் பாரு போய், 1923இல் கிளம்பினார். 1924இல் ரிஷிகேசத்தில் சந்நியாசம், 1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கம். சுவாமி சிவானந்தர். அவரை வேதாந்தப் பக்கம் திருப்பியதில் இங்கே ஒரு சாது கொடுத்த புத்தகத்துக்குப் பங்குண்டு என்று அவர் வரலாற்றில் சொல்வார்கள். அவர் நோயாளிகள் யார்? நம் தாத்தாக்கள் மாதிரி ஆட்கள். எங்கிருந்து எங்கே போன சரக்கு என்று நீயே கணக்குப் போடு.

பாஷ்ய பாடம், மார்ச் 16, இரவு 10.00

அவர் விசாரத்தை மட்டும் சொன்னவர் அல்ல. சேவை, ஜபம், ஆசனம் எல்லாம் கலந்த வழி. இந்த இழைக்குள் அவரை முழுசாக இழுக்க வேண்டாம்.

பழைய ஸ்டோர், மார்ச் 16, இரவு 10.08

ஒப்புக்கொள்கிறேன். கேள்வி ஊரைப் பற்றி வந்ததால் சொன்னேன்.

ஆறாங்கட்டை, மார்ச் 19, இரவு 9.20

தூக்கம் குறைந்திருக்கிறது. அடுத்து என்ன படிக்கலாம்? பக்கம் கம்மியாக இருந்தால் நல்லது. இன்னொன்று, மார்பின் வலப்பக்கம் பார்க்கணும் என்று ஒருவர் சொன்னார்.

பழைய ஸ்டோர், மார்ச் 19, இரவு 10.15

வலப்பக்க இதயம் அநுபந்தத்தில் வருகிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அங்கே கவனத்தை வைத்துத் தியானிப்பது விசாரம் ஆகாது. மார்பும் பார்க்கப்படுகிற பொருள்தான். லோரி நாற்றத்துக்குப் போட்ட அதே கழித்தல் அதற்கும்.

படிக்கிற வரிசை: முதலில் 'நான் யார்' கட்டுரை. அடுத்து உபதேச உந்தியார், முப்பதே பாட்டு, ரமணரின் அடியவர் முருகனார் கேட்டு 1927இல் எழுதியது. அதில் 4 முதல் 8 வரை பூசை, ஜபம், தியானம் எது எதைவிட மேல் என்று படிப்படியாக வரும்; கோவிலுக்குப் போகிறவர்கள் சண்டை போடாமல் படிக்கலாம். 16 முதல் 20 வரை விசாரம். மூன்றாவதாகத்தான் உள்ளது நாற்பது, 1928. வெண்பாவைப் பதம் பிரிக்காமல் படித்தால் ஒன்றும் பிடிபடாது, உரையோடு வாங்குங்க. பாராயணத்துக்காகக் கலிவெண்பாவாகக் கோத்த வடிவில் இணைப்புச் சொற்கள் கூடுதலாக இருக்கும், பொருள் பார்க்க அது உதவும். 22 முதல் 30 வரை மட்டும் முதல் சுற்றுக்குப் போதும்.

கைவல்லிய நவநீதம் இப்போது வேண்டாம். நல்ல நூல், ஆனால் கலைச்சொல் நிறைய. படித்ததும் விளக்கம் சொல்ல ஆள் தேடத் தோன்றும்.

மூனாம் நெரை, மார்ச் 20, பகல் 11.50

உந்தியார் பதம் பிரித்த பிரதி என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் கோவில் மண்டபத்துக்கு வந்தால் படம் எடுத்துக்கொள்ளலாம். திருமுறை வகுப்பு ஐயாவும் வரலாம், பூசைப் பாட்டு வரை.

திருமுறை வகுப்பு, மார்ச் 20, மதியம் 2.25

வருகிறேன். எட்டாம் பாட்டோடு எழுந்துவிடுவேன்.